பச்சையில் ஒரு பத்தி

எதையாவது சொல்லத் தொடங்குவதற்கு முன்னால் அவர் வலது கை ஆள்காட்டி விரலை மேசையிலிருந்து லேசாகத் தூக்குவார். முழுக்க இல்லை, ஒரு எறும்பு அடியில் நுழைந்து போகிற அளவுக்கு. கண்கள் ஒரு கணம் மேலே போய் வரும். இதை யார் சொன்னது என்று உள்ளே தேடுகிறார் என்று பொருள். ஆள் கிடைத்ததும் விரல் இறங்கும், பேச்சு வரும்.

"இது நான் சொல்லல. பஸ்ல பக்கத்துல உட்கார்ந்திருந்த அம்மா சொன்னாங்க, இன்னைக்கு மழை வருமாம்."

மழைக்கே சாட்சி வேண்டும் அவருக்கு. சிரிப்புத் துணுக்கு சொன்னாலும் அப்படித்தான். "இது எங்க ஓரகத்தியோட தம்பி சொன்ன ஜோக். அவரு எங்க கேட்டாரோ தெரியல" என்று ஆரம்பிப்பார். முன்பின் பார்த்திராத அந்தத் தம்பி நம் மனதில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அப்புறம் ஜோக்குக்கு ஏது இடம்? சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நீட்டும்போது, நன்றாக இருக்கிறது என்று நாம் வாயெடுப்பதற்குள் பதில் வந்துவிடும்: "பக்குவம் எதிர்வீட்டு நர்ஸம்மாவோடது. உப்பு குறைச்சது மட்டும் நான்."

நாங்கள் படித்தது மாலைக் கல்லூரியில், சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பது பற்றிய பட்டப்படிப்பு. பகலில் ஆளுக்கொரு வேலை. வகுப்பில் ஒரு மின்விசிறி உண்டு. யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. இறக்கைகளில் 'உபயம்' என்று போட்டு அவர் பெயரைச் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். சுற்றும்போது பெயர் மங்கி ஒரு சிவப்பு வளையமாகிவிடும். எங்களோடு படித்த பார்சல்காரன், பகலில் வண்டியில் பார்சல் விநியோகிப்பவன், ஒரு நாள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா வாயைத் திறந்தாலும் காத்துக்கு முன்னால உபயம்தான்பா வருது." அன்றிலிருந்து அவர் உபயம் அக்கா. அவருக்கும் அது தெரியும். புதிதாக யாராவது அந்தப் பெயரில் கூப்பிட்டால், "இது பார்சல் தம்பி வச்ச பேரு" என்று அதற்கும் உபயம் போட்டுவிடுவார்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. பையில் எப்போதும் ஒரு கவிதைப் புத்தகம் இருக்கும், பேச்சுக்கு அது போதும் என்று நினைப்பவன். அதனால்தானோ என்னவோ, கடைசி வரிசையில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. முதல் வாரமே அக்கா அதில் வந்து உட்கார்ந்தார். நர்சரிப் பள்ளியிலிருந்து நேராக வருவார். புடவைத் தலைப்பில் பிள்ளைகள் துடைத்த வண்ணக் களிமண் காய்ந்திருக்கும்.

அந்தப் பள்ளியில் அவர் உதவியாளர். ஷூ கழற்றி மாட்டுவது, மூக்கு துடைப்பது, காலையில் வாசலில் அம்மாவின் கழுத்தை விடாமல் தொங்கும் குழந்தையை விரல் விரலாகப் பிரித்தெடுப்பது எல்லாம் அவர் வேலை. மூன்று வயதுப் பிள்ளைகளின் வகுப்பாசிரியை அந்த ஆண்டோடு ஓய்வு பெற இருந்தார். பள்ளித் தலைவியை எல்லோரும் பெரிய டீச்சர் என்பார்கள். அவர் அக்காவைக் கூப்பிட்டு, முதல் வகுப்பில் பட்டம் வாங்கி வந்தால் அந்த வகுப்பு உனக்கு, இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் எடுக்க வேண்டிவரும், நிர்வாகத்தின் விதி அது, என்று சொல்லியிருந்தார். அக்காவின் மதிப்பெண்கள் முதல் வகுப்பின் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தன. உள்ளே தள்ள இறுதிக் கட்டுரை ஒன்றுதான் பாக்கி.

கட்டுரை எழுதுவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதல் பருவத்தில் எங்கள் வழிகாட்டி ஆசிரியர், பிறர் எழுத்தைச் சொல்லாமல் எடுத்தால் அது திருட்டு என்று ஒரு மணி நேரம் பேசினார். நாங்கள் குறிப்பெடுத்தோம். அக்கா அன்றே அதை வீட்டு வழக்கமாக்கிக்கொண்டார். கணினியில் வரைவு எழுதும்போது, புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்த வரி பச்சை நிறத்தில் இருக்கும். தன் வரி கறுப்பில். பச்சை ஒவ்வொன்றின் கீழும் எழுதியவர், புத்தகம், பக்கம். இதை 'முகவரி' என்பார். படித்ததைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னால் அது கறுப்புதான், ஆனால் அதற்கும் கீழே முகவரி உண்டு.

"வார்த்தை நம்மளோடதுதானே அக்கா, அப்புறம் எதுக்கு முகவரி?" என்று பார்சல்காரன் கேட்டான்.

"சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டா அது வேற சட்டை ஆயிடுமா?" என்றார்.

அவன் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஒரு கட்டுரையை இணையத்திலிருந்து முழுசாக இறக்கி, சொற்களை மட்டும் மாற்றித் தரும் ஏதோ ஒன்றில் போட்டு எடுத்துவந்திருந்தான். கல்லூரியில் எங்கள் கட்டுரைகளை மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மென்பொருள் உண்டு. நாங்கள் அதை மெஷின் என்போம். மெஷின் அவனை விட்டுவிட்டது. வழிகாட்டி சார் விடவில்லை. வகுப்பில் எழுந்து நின்று, "கரச்சிசுவின் க்ஷீரத் தந்தங்கள்" என்று சத்தமாக வாசித்துவிட்டு, இது யாரப்பா, எந்தக் காட்டில் இருக்கிறது என்று கேட்டார். கைக்குழந்தையின் பால்பற்கள் என்று கண்டுபிடிக்க வகுப்புக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவன் மறுபடி எழுதினான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்குப் பச்சையையும் கறுப்பையும் பிரித்துக் காட்டினார். அவனுடைய முதல் பக்கம் வயல் மாதிரி பசேலென்று இருந்தது. "இதுல நான் எங்கக்கா இருக்கேன்?" என்று அவனே பாவமாகக் கேட்டான்.

அக்காவின் கட்டுரை, பள்ளிக்குப் புதிதாக வரும் குழந்தைகள் அழுகையை நிறுத்துவது பற்றி. எந்தக் குழந்தை எப்போது நிறுத்துகிறது, யார் தூக்கினால் சீக்கிரம் அடங்குகிறது என்று தன் பள்ளியிலேயே கவனித்து எழுதிக்கொண்டிருந்தார். சீக்கிரம் அடங்கினால் நல்ல பள்ளி என்பதுதான் அதன் போக்கு. இடையில் காய்ச்சல் வந்து ஒரு வாரம் வரவில்லை. திரும்பி வந்தபோது முகம் சோர்ந்திருந்தது, கண்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "கவிஞரே, இதைப் படிங்க" என்றார். என்னை அவர் அப்படித்தான் கிண்டல் செய்வார். நான் ஒரு வரி எழுதிக் காட்டியதில்லை.

திரையில் பச்சை நிறத்தில் ஒரு பத்தி இருந்தது.

'குழந்தை முதலில் அழுகிறது. பிறகு நிறுத்துகிறது. பழகிவிட்டது என்கிறோம். பழகவில்லை. கேட்க ஆளில்லை என்று தெரிந்துகொண்டது. பழகிய குழந்தை மறுபடி அழும். யாரிடம் அழலாம் என்று இப்போது அதற்குத் தெரியும்.'

இரண்டு தடவை படித்தேன். எவ்வளவு சிக்கனமான வரிகள். எழுதியவர் கவிதையில் பழக்கப்பட்ட ஆளாக இருக்க வேண்டும், ஒரு சொல் கூடுதலாக இல்லை பாருங்கள் என்று சொன்னேன். வழக்கத்துக்கு மாறாக நிறையவே பேசிவிட்டேன். யார் எழுதியது என்று கேட்டேன்.

விரல் தூக்கினார். கண்கள் மேலே போயின. வரவில்லை. "எங்கேயோ எடுத்து வச்சிருக்கேன். காய்ச்சல்ல முகவரி போடாம விட்டுட்டேன் போல. பார்த்துப் போட்டுக்கலாம்" என்றார்.

அந்தப் பத்தி அவர் கட்டுரையைத் தலைகீழாகப் புரட்டியது. மறுநாளே பள்ளியில் பழையபடி கவனிக்க ஆரம்பித்தார். இந்த முறை அடங்கிப்போன குழந்தைகளை. ஒரு பெண் குழந்தை இரண்டாம் நாளே அழுகையை நிறுத்தியிருந்தது. சமர்த்து என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். அது நாள் முழுக்க பையைத் தோளிலிருந்து கழற்றாமல் ஜன்னலோரம் நிற்பதை அக்கா அப்போதுதான் பார்த்தார். பக்கத்திலேயே போய் உட்கார ஆரம்பித்தார். பேசவில்லை, தூக்கவில்லை, உட்கார்ந்தார், அவ்வளவுதான். சில வாரம் கழித்து ஒரு காலையில் அது வந்து அவர் மடியில் விழுந்து ஓவென்று அழுதது. அன்று பை தோளிலிருந்து இறங்கியது. அக்கா இதைச் சொன்னபோது அவர் குரலும் கொஞ்சம் இறங்கியது. கட்டுரையின் பின்பாதியை அழித்துவிட்டு முழுக்க இதன்மேல் மறுபடி எழுதினார்.

முகவரி மட்டும் கிடைக்கவில்லை.

கட்டுரை கொடுக்கும் நாள் நெருங்க நெருங்க, அக்கா தெருவில் கிடந்த கைப்பையைக் கண்டெடுத்து உரியவரைத் தேடுகிறவர் போல ஆனார். அந்தப் பருவத்தில் எடுத்த புத்தகங்களையெல்லாம் நூலகத்திலிருந்து மறுபடி எடுத்து, ஜன்னலோர மேசையில் அடுக்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். நானும் பங்கு போட்டுக்கொண்டேன். கவிஞர் யாரோ என்று நான் சொல்லித் தொலைத்ததால், பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத கவிதை அலமாரியையும் ஒரு பிடி பிடித்தோம். நூலகர் எங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. இணையத்தில் ஒவ்வொரு வரியாகப் போட்டுத் தேடினோம். மெஷினில் போட்டோம். எதனோடும் ஒத்துப்போகவில்லை என்றது.

பார்சல்காரனுக்கு அதுவே தீர்ப்பு. "மெஷினே உங்களோடதுன்னு சொல்லுது அக்கா. பேசாம கறுப்பாக்கிட்டுப் போங்க."

"மெஷினுக்குத் தெரியாததெல்லாம் என்னோடதாயிடுமா?"

"நீங்களே எழுதியிருந்தா?"

அக்கா சிரித்தார். "இவ்வளவு நல்லா நான் எழுதினா எனக்கு ஞாபகம் இருக்காதா? என் வரி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் தம்பி. நான் எழுதினா ரயில் மாதிரி போய்க்கிட்டே இருக்கும். நடுவுல ஸ்டேஷனே வராது. தவிர, பச்சைன்னா பச்சை. அந்த ஒண்ணை நான் மாத்தினதே இல்ல."

சார் வேறு வழி சொன்னார். பத்தியை மட்டும் நீக்கிவிடு, மற்றது உன் கவனிப்புதானே, யாரும் கேட்க முடியாது என்றார். அதில் தப்பு ஒன்றுமில்லை என்றுதான் எனக்கும் பட்டது. அக்கா தலையாட்டிவிட்டு வந்து, பத்தி இருந்த பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அதற்கு மேற்கோள் குறி போட்டார். அடியில் சிறிய எழுத்தில் இப்படி ஒரு குறிப்பு அடித்தார்:

'இது என்னுடையதல்ல. யாருடையது என்று தேடியும் தெரியவில்லை. இந்தக் கட்டுரையின் முடிவுரை இதிலிருந்து பிறந்தது. உரியவரைத் தெரிந்தவர் சொன்னால் நன்றியோடு பெயரைச் சேர்ப்பேன்.'

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். கட்டுரையை அவர் உண்மையாகவே படித்திருந்தார் என்பது கேள்விகளில் தெரிந்தது. ஜன்னலோரக் குழந்தையைப் பற்றி விசாரித்தார். இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திருப்பினார்.

"இந்தப் பத்தி யாரோடதுன்னு தெரியாதா?"

"தெரியல மேடம்."

"இதை எடுத்துட்டுக் கொடுத்திருந்தா யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ஏன் வச்சீங்க?"

அக்காவின் விரல் மேசையிலிருந்து எழும்பியது. எழும்பி அங்கேயே நின்றது. சொல்ல வேண்டியது இந்த முறை யாரிடமிருந்தும் வரவில்லை போலிருக்கிறது.

"பத்தியை எடுத்துடலாம் மேடம். அதைப் படிச்சதுக்கப்புறம் நான் பார்த்த பார்வையை எடுக்க முடியாதே. அதுக்கு முன்னாடி அந்தப் பாப்பா என் கண்ணு முன்னாடிதான் நின்னுக்கிட்டு இருந்தா. நான் பார்க்கல. பத்தியை எடுத்துட்டு முடிவை மட்டும் வச்சுக்கிட்டா, சொந்தக்காரரை வெளியே தள்ளிட்டு வீட்டை வச்சுக்கிட்ட மாதிரி இருக்கும்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். பிறகு, "எனக்குப் புரியுதும்மா. ஆனா முகவரி இல்லாத மேற்கோளுக்கு நான் மார்க் போட முடியாது. அதுவும் கட்டுரையே அது மேல நிக்கும்போது" என்றார். அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. சொன்னபடி குறைத்தார்.

வாசற்படியில் நின்ற மதிப்பெண் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு அக்கா முதலில் சொன்னது, "அவங்க செஞ்சது சரிதான்" என்பதுதான். பார்சல்காரனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பிழைக்கத் தெரியாத ஆள் என்று அவர் காதுபடவே திட்டினான். திட்டிக்கொண்டே அவருடைய பையை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூட நடந்தான்.

மூன்று வயது வகுப்புக்கு வெளியிலிருந்து ஒரு இளம் ஆசிரியை வந்தார். அக்காவிடம் வாங்கிய ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நான் அந்தப் பள்ளிக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். சுவரில் தாழ்வான கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் எழுத்து தெரியாதவர்களுக்காக ஒரு படம்: குடை, மீன், சாவி. ஒரு சிறுவன் வந்த மூன்றாம் நாளே அழுகையை நிறுத்திவிட்டான் என்று புது டீச்சர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே உட்கார்ந்து யாருக்கோ ஷூ மாட்டிக்கொண்டிருந்த அக்கா, ஷூவிலிருந்து விரலைத் தூக்கினார்.

"இது நான் சொல்லல டீச்சர். யாருன்னு தெரியாத ஒருத்தர் சொன்னது" என்று ஆரம்பித்து, அந்தப் பத்தியைச் சொல் பிசகாமல் சொன்னார். தன் இடத்துக்கு வந்தவரிடம், தன் இடத்தைப் பறித்த வரிகளை, இவ்வளவு பத்திரமாக எடுத்துக் கொடுக்க ஒருவரால் முடியும் என்பதை அங்கே கதவோரம் நின்று பார்த்தேன். புது டீச்சர் அந்தச் சிறுவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் பையைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான்.

மறு ஆண்டு அக்கா வேறு பொருளில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்து முதல் வகுப்பு வாங்கினார். அதற்கடுத்த ஆண்டு ஒரு வகுப்பும் கிடைத்தது. அந்தக் கட்டுரையில் முகவரி இல்லாத பச்சை வரி ஒன்றுகூட இல்லை என்று சார் என்னிடம் சொன்னார். பழைய பத்தியைப் பற்றி எங்கேயாவது தகவல் கிடைத்ததா என்று எப்போது பார்த்தாலும் அக்கா என்னைக் கேட்பார். புதிதாக என்ன கவிதைப் புத்தகம் வாங்கினாலும் நானும் அதை மனதில் வைத்துத்தான் புரட்டினேன்.

போன மாதம் நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்தவர் கதவைத் திறந்து வைத்து, உள்ளே தலையை விட்டபடி பேசிக்கொண்டே வேலை செய்கிற ரகம். ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். எங்கே படித்தீர்கள் என்று கேட்டார், சொன்னேன். தலையை வெளியே எடுத்து, என்னையும் என் பையில் துருத்திக்கொண்டிருந்த கவிதைப் புத்தகத்தையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"கவிஞர் தம்பியா? நீங்கதானா? எங்க வீட்டம்மா உங்க பக்கத்து சீட்டு."

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக் என்பதும், புதுக் கட்டடங்களில் லிஃப்ட் பொருத்த ஊர் ஊராகப் போய்விடுவார் என்பதும் எனக்குத் தெரியும். பார்த்ததில்லை. அந்தப் படிப்பால் அக்கா பட்ட பாட்டைச் சொல்லத் தொடங்கினார். ஒரு புத்தகத்தின் பெயர் கிடைக்காமல் ஒரு வருடம் போனதைச் சொன்னார். எந்தப் புத்தகம் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை, தனக்கு அதெல்லாம் என்ன விளங்கும் என்று விட்டுவிட்டாராம். பிறகு, தானும் அந்தக் கட்டுரைக்கு ஒரு நாள் உழைத்ததாகச் சொல்லிச் சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்காவுக்குக் கொதிக்கிற காய்ச்சல். படுத்தபடி பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறார். எழுதிக்குங்க, மறந்துடுவேன் என்றிருக்கிறார். மடிக்கணினி திறந்தபடியே இருந்தது. மறுநாள் விடிகாலை இவர் வெளியூர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

"புள்ளைங்க அழுகையை நிறுத்திட்டா பழகிடுச்சுன்னு சொல்றாங்க, பழகல, பழகலன்னு ஒரே புலம்பல். பழகின புள்ள திரும்ப அழும்னு வேற சொன்னா. நிறைய சொன்னா தம்பி. நான் ஒத்த விரல்ல அடிக்கிறவன். அவ பத்து வார்த்தை சொன்னா எனக்கு ரெண்டுதான் வரும். பேசுற மாதிரியே அடிச்சா காலேஜ்ல ஒத்துக்க மாட்டாங்கன்னு, பள்ளிக்கூடத்துல எழுதுற மாதிரி நானே மாத்தி மாத்தி அடிச்சேன். தப்பும் தவறுமா இருக்கும், எழுந்ததும் அழிச்சிருப்பான்னு நினைச்சுக்கிட்டேன்."

என் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. எந்த நிறத்தில் அடித்தீர்கள் என்று கேட்டேன்.

"கலரா? அதையெல்லாம் எப்படி மாத்துறதுன்னு எனக்கு எங்க தெரியும்? கடைசியா பச்சையில ஏதோ வரி இருந்துச்சு. அதுக்குக் கீழே அடிச்சேன், அதுவும் பச்சையாத்தான் வந்துச்சு."